கீழிமை

இனிமேல் கரையாது என்று உப்பு சொல்லும் இடத்தில்
கிளறுவதை நிறுத்த வேண்டும்.
ஆனையிறவு உப்பு, அரைக் கிலோப் பை,
மல்லாவிச் சந்தியில் என் காசில் வாங்கியது.
திணைக்களம் அனுப்பியது போன மாசியோடு முடிந்தது.

போத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் சரி.
அந்தத் தண்ணீரில் மண் தாழும்,
முட்டை மிதக்கும்.

பத்மலோசனி வாசலில் நிற்கிறாள்.
இருபத்துமூன்று புழுக்கைப் பொட்டலம்,
எல்லாம் மகளின் கொப்பித் தாளில் சுற்றி
மேலே பெயர் எழுதி:
கறுவல். சுட்டிச்சி. ஒற்றைக்காது. லோன்காரி.
"லோன்காரி?"
"லோனிலை வாங்கின மறி. அதுதான்."

கரண்ட் இல்லை.
நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னலுக்குத் திருப்புகிறேன்.
வெயிலும் ஒரு வேப்பங்கொப்பும்
குழாய்க்குள் ஏறி வருகின்றன.
முட்டை மேலே வர ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும்.
ஐந்து நிமிடமும் அவள் கதைத்தாள்:
மாரிக்குப் பிறகு குளக்கட்டில் புல் முழங்கால் உயரம்,
விடியமுன்னம் அவிழ்த்துவிட்டால்தான்
பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு
கச்சான் புடுங்கப் போகலாம்.

"பனி காயமுன் விடாதேங்கோ அக்கா.
புழுக்குஞ்சு பனியோடைதான் புல்நுனிக்கு ஏறும்."
"அப்ப நான் எத்தினை மணிக்குப் புடுங்கிறது?"
கைநூலில் அந்தப் பக்கம் இல்லை.

எண்ணத் தொடங்கினேன். மத்தியானம் தாண்டியது.
அவள் போகவில்லை.
கோட்டுக்குள் கிடப்பதை எண்ணு;
கோட்டைத் தொடுவதில் இடப்பக்கம் சேர், வலப்பக்கம் விடு.
முட்டை அழகானது. சொல்லக்கூடாது, ஆனாலும்.
மெல்லிய ஓடு, உள்ளே நெருக்கியடித்த முந்திரிகைக் குலை.

சுட்டிச்சி: இரண்டு. அதாவது நூறு.
ஒற்றைக்காது: ஒன்றுமில்லை.
லோன்காரி: எண்பத்துநாலு.
ஐம்பதால் பெருக்கினால் நாலாயிரத்து இருநூறு,
ஒரு கிராம் புழுக்கைக்கு.

மூன்று மறிகள்
பட்டியின் புழு முழுவதையும் சுமந்து திரிகின்றன.
மிச்சம் இருபதும் பக்கத்தில் நின்று மேய்கின்றன.

"மூண்டுக்கு மட்டும் மருந்து."
"எல்லாத்துக்கும் தாங்கோ."
"எல்லாத்துக்கும் குடுத்தா மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சும்.
பிறகு ஒரு மருந்தும் கேளாது."
கொஞ்சம் யோசித்தாள்.
"தப்பினது பெருகும், என்ன."
புழுவைத்தான் சொன்னாளா தெரியவில்லை.
நான் பொட்டலத் தாள்களை அடுக்கினேன்.

பின்னேரம் அம்பாள்புரம்.
பட்டிக்குள் குந்தியிருந்து
லோன்காரியின் கீழிமையைப் பெருவிரலால் இறக்கினேன்.
நிற அட்டையில் ஐந்து கட்டம்,
செவ்வரத்தம் பூவில் தொடங்கி
கழுவிய பச்சரிசியில் முடியும்.
ஐந்து.
தாடைக்குக் கீழே நீர்ப்பை தொங்கியது.

மறியைப் பிடித்திருந்தவளின் முகம்
மறியின் முகத்தோடு ஒட்டி இருந்தது.
சாய்ந்த வெயில் இரண்டிலும் விழுந்தது.

"அக்கா, ஒருக்கா மேலை பாருங்கோ."
"எனக்கோ? விசரே உங்களுக்கு?"
பார்த்தாள்.

அட்டையை நான் தூக்கவில்லை.
அது ஆட்டுக்கென்று அச்சடித்தது.

"எத்தினையாம் நம்பர்?" சிரித்தாள்.
"ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போங்கோ."
"வியாழன் லோன்காசு எடுக்க வருவினம். வெள்ளி பாப்பம்."
சொல்லிக்கொண்டே மறியைத் தூக்கி நிறை பார்த்தாள்:
"இருவது கிலோ வராது. முந்தி இருவத்தாறு."
பத்தொன்பதுக்கு அளந்து
வாயோரத்தால் ஊற்றினேன்.
இருமியது, விழுங்கியது.

படிவத்தில் இருபத்துமூன்று வரியும் நிரம்பிவிட்டன.
கீழே இடம் இருந்தது.
பேனையை மூடாமல் கொஞ்சநேரம் வைத்திருந்தேன்.

கந்தோருக்குத் திரும்ப இருட்டிவிட்டது.
கழுவ மறந்த தகட்டில் தண்ணீர் போய்
உப்பு சதுரம் சதுரமாக நிற்கிறது,
முட்டைகள் நின்ற இடம் தெரியவில்லை.
இதை ஊறவைக்க வேண்டும்.
வெள்ளிக்கிழமை மல்லாவி ஆஸ்பத்திரியில்
எத்தனை மணிக்கு நம்பர் குடுக்கினம் என்று
யாரிடமாவது கேட்க வேண்டும்.